ஃபெரைட் கோரில் உயர் வோல்ற் ட்ரான்ஸ்போமர்: மொஸ்பெற் எரிந்ததற்குக் காரணம் மொஸ்பெற் இல்லை

உப்புவெளியில் இருந்து உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வியின் சாரம் இது. பாடசாலைக் கண்காட்சிக்காக அம்மம்மா வீட்டில் கிடந்த 21 அங்குலப் பழைய ரீவியின் ஃப்ளைபேக்கில் (பிக்சர் ரியூபுக்கு உயர் வோல்ற் தரும் ட்ரான்ஸ்போமர்) இருந்து ஃபெரைட் கோரை, அதாவது சுருளுக்குள் நிற்கும் காந்த உள்ளகத்தை, கழற்றி, பழைய மின்விசிறிக் கம்பியை அதில் 2000 சுற்றுச் சுற்றியிருக்கிறார். அது உயர் வோல்ற் வெளிவரும் துணைச்சுருள். மின்னைக் கொடுக்கும் முதற்சுருள் 10 சுற்று. முதலில் அதற்கு 9 வோல்ற் ஏ.சி. கொடுத்தபோது உறுமலும் சூடும்தான் வந்தன. பிறகு இரண்டு மொஸ்பெற் (மின்னோட்டத்தைச் சுவிட்ச் மாதிரித் திறந்து மூடும் ட்ரான்சிஸ்டர்) வைத்த சேர்க்கிற் ஒன்றைக் கட்டி 12 வோல்ற் பற்றரியில் போட்டார். 5 மில்லிமீற்றர் தீப்பொறி அழகாக வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சுருளுக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அடுத்த கணம் ஒரு மொஸ்பெற் வெடித்தது. புதிதாக ஒன்று போட்டார், அதுவும் போனது. ‘இன்னும் பெரிய மொஸ்பெற் போடலாமா?’ என்று கேட்கிறார்.

தம்பி, வேண்டாம். எத்தனை பெரியதைப் போட்டாலும் அதுவும் போகும். மொஸ்பெற் எரிந்தது விளைவு. காரணம் நீங்கள் சுற்றிய அந்த 2000 சுற்றுக்குள் இருக்கிறது. உயர் வோல்ற் ட்ரான்ஸ்போமர் என்றதும் கோர், கம்பி, சேர்க்கிற் என்றுதான் எல்லோரும் யோசிக்கிறோம். உண்மையில் பாடுபட்டுச் செய்ய வேண்டியது கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கிற மின்காப்பைத்தான். கடலை ஒட்டிய எங்கள் திருகோணமலையில் அதற்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். பல வருடங்கள் இங்கே ரீவி திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த 9 வோல்ற் ஏன் வேலை செய்யவில்லை என்று பார்ப்போம். அது விளங்கினால் மீதி இலகு. ஒரு கோருக்குள் காந்தப்பாயம் எவ்வளவு அடர்த்தியாக ஏறலாம் என்பதற்கு எல்லை உண்டு. சாதாரண ட்ரான்ஸ்போமரில் இருக்கும் சிலிக்கன் உருக்குத் தகடு 1.5 டெஸ்லா வரை சிரமம் இல்லாமல் போகும். ரீவியில் வரும் மங்கனீசு நாக ஃபெரைட் 0.4 டெஸ்லா அளவிலேயே நிரம்பிவிடும். சூடேறினால் அதற்கும் முன்பே. நிரம்பிய பிறகு முதற்சுருள் வெறும் செப்புக் கம்பிதான், மின்னோட்டத்தைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4.44, மீடிறன் (நொடிக்கு எத்தனை தடவை மின் ஆடுகிறது என்பது), சுற்றுகளின் எண்ணிக்கை, காந்தப்பாய அடர்த்தி, கோரின் குறுக்குவெட்டுப் பரப்பு, இவை ஐந்தையும் பெருக்கினால் அந்தச் சுருள் தாங்கும் வோல்ற் வரும். உங்கள் கோரின் கால், அதாவது கம்பி சுற்றும் தண்டு, 12 மில்லிமீற்றர் விட்டம் என்று எடுத்துக்கொண்டால் பரப்பு சுமார் 113 சதுர மில்லிமீற்றர். 50 ஹேர்ட்ஸ், 10 சுற்று, 0.4 டெஸ்லா என்று போட்டால் விடை 0.1 வோல்ற். அவ்வளவுதான் அது தாங்கும். நீங்கள் கொடுத்தது 9 வோல்ற். அதே கோருக்கு, அதே 10 சுற்றுக்கு 40 கிலோஹேர்ட்ஸ் கொடுத்தால் தாங்குவது 80 வோல்ற் ஆகிவிடும். ஃபெரைட் கோருக்கு வேகமான ஓட்டம் வேண்டும் என்பதன் பொருள் இதுதான். பழைய ரீவிக்குள் அதே கோர் நொடிக்கு 15,625 தடவை ஆடிக்கொண்டிருந்தது: 625 கோடு, நொடிக்கு 25 படம்.

இரும்புக் கோருக்கு 40 கிலோஹேர்ட்ஸ் கொடுக்கலாமே என்று கேட்டால், அது தன் உடம்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடிச் சூடாகிவிடும். ஃபெரைட் உலோகம் இல்லை, சுட்ட மட்பாண்ட இனம். தடை அதிகம், சுழல் மின்னோட்டம் மிகக் குறைவு. 1930 இல் டோக்கியோவில் கட்டோ, தக்கேய் என்ற இருவர் கண்டறிந்தது இது. இதை விற்பதற்காகவே 1935 இல் டி.டி.கே. நிறுவனம் தொடங்கியது. மட்பாண்ட இனம் என்பதால் விழுந்தால் உடையும், சூட்டில் திடீரென்று தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஃப்ளைபேக்கில் இருந்து கழற்றும்போது அதை நினைவில் வைத்திருங்கள்.

இப்போது உங்கள் சேர்க்கிற்றுக்கு வருவோம். மஸில்லி சேர்க்கிற் என்றும் இசட்.வி.எஸ். என்றும் சொல்வார்கள். இரண்டு மொஸ்பெற், ஐஆர்எஃப்பி 250 அல்லது 260. மொஸ்பெற்றைத் திறந்து மூடும் கால்தான் கேற். ஒவ்வொரு கேற்றுக்கும் 470 ஓம் ஒன்று, கீழே இழுக்க 10 கிலோ ஓம் ஒன்று, பாதுகாப்புக்கு 12 வோல்ற் ஸீனர் ஒன்று. குறுக்காக யூஎஃப் 4007 போன்ற வேகமான டயோட் இரண்டு. பற்றரியில் இருந்து வரும் வழியில் 100 மைக்ரோஹென்ரி அளவில் ஒரு சோக் (மின்னோட்டம் திடீரென்று மாறாமல் தடுக்கும் சுருள்). முதற்சுருள் 5 சுற்று, நடுமுனை, மறுபடி 5 சுற்று. அதன் இரு முனைக்கும் குறுக்கே 0.68 மைக்ரோஃபாரட் பொலிபுரொப்பிலீன் கப்பாசிற்றர். இந்தக் கப்பாசிற்றர் சாதாரண பொலியெஸ்டர் வகையாக இருந்தால் சூடாகி ஊதிவிடும். அதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

இது ஓடும் விதம் ஊஞ்சல் மாதிரி. கப்பாசிற்றரும் முதற்சுருளும் சேர்ந்து தாமாக ஒரு தாளத்தில் ஆடும். ஒரு பக்கம் கீழே வரும்போது, டயோட் வழியாக மற்றப் பக்கத்து மொஸ்பெற்றின் கேற்றை அது கீழே இழுத்து அணைத்துவிடும். வோல்ற் பூச்சியத்தைத் தொடும் நேரத்தில் கைமாறுவதால் மொஸ்பெற் அதிகம் சூடாவதில்லை. ஊஞ்சல் ஆடுகிற வரைக்கும்தான் இது. ஊஞ்சல் கயிற்றை யாராவது பிடித்து நிறுத்திவிட்டால் இரண்டு கேற்றுக்கும் 470 ஓம் வழியே 12 வோல்ற் நேரே வரும், இரண்டு மொஸ்பெற்றும் ஒன்றாகத் திறந்து நிற்கும், பற்றரி அவற்றின் ஊடாகக் குறுக்கே இணைந்துவிடும்.

உங்களுக்கு நடந்தது அதுதான். அந்த ‘டிக்’ சத்தம் துணைச்சுருளுக்குள் இரண்டு சுற்றுக்கு நடுவே மின்காப்பு துளைபட்ட சத்தம். துளைபட்ட இடம் கரியாகும், கரி மின்னைக் கடத்தும். சில சுற்றுகள் தங்களுக்குள்ளேயே மூடிய வளையமாகி, ஊஞ்சல் கயிற்றைப் பிடித்துவிட்டன. புதிய மொஸ்பெற் போட்டபோதும் கயிற்றைப் பிடித்த கை அங்கேயே இருந்தது. பற்றரி வயரில் 10 அம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டிருந்தால் பெரும்பாலும் மொஸ்பெற்றுக்கு முன் அது போயிருக்கும். இனிமேல் அது இல்லாமல் சுவிட்ச் போட வேண்டாம். மோட்டார் சைக்கிள் பற்றரி நல்ல தெரிவுதான். சுவிட்சைப் போட்டவுடன் முழு 12 வோல்ற்றும் கிடைக்கும். மெதுவாக ஏறும் பவர்சப்ளை என்றால் ஊஞ்சல் ஆடத் தொடங்காமலே இரண்டும் திறந்து நின்றுவிடக்கூடும்.

சரி, உள்ளே ஏன் துளைபட்டது? இந்தச் சேர்க்கிற்றில் முதற்சுருளின் இரு முனைக்கும் இடையே வரும் உச்ச வோல்ற் 12 இல்லை, அதன் பை (π, 3.14) மடங்கு, சுமார் 38. அது 10 சுற்றில். ஆகவே சுற்றுக்கு 3.8 வோல்ற். 2000 சுற்றில் 7,500 வோல்ற். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கம்பியை நூல் உருண்டை மாதிரி மேலும் கீழுமாகச் சுற்றியிருக்கிறீர்கள், நடுவில் தாள் எதுவும் வைக்கவில்லை. அப்படிச் சுற்றினால் 50 ஆவது சுற்றுக்குப் பக்கத்தில் 1,900 ஆவது சுற்று வந்து படுக்கலாம். அந்த இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 7,000 வோல்ற். தடுக்க இருப்பது எனாமல் பூச்சு மட்டும். புதிய கம்பியின் எனாமலே அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது. மின்விசிறியில் இருந்து உருவிய கம்பியில் வளைந்த இடமெல்லாம் பூச்சு வெடித்திருக்கும்.

சரி, அழகாக வரிசை வரிசையாகச் சுற்றினால்? ஒரு வரிசையில் 100 சுற்று என்றால் வரிசைக்கு 380 வோல்ற். ஒரு வரிசை இடமிருந்து வலம் போய், அடுத்தது வலமிருந்து இடம் திரும்பி வந்தால், திரும்பும் இடத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மறு முனையில் 760 வோல்ற் நிற்கும். பழைய ட்ரான்ஸ்போமர்களைப் பிரித்துப் பார்த்தால் எரிந்த அடையாளம் அநேகமாக வரிசையின் ஓரத்தில்தான் இருக்கும், நடுவில் அல்ல. காரணம் இதுதான்.

இன்னும் ஒரு எதிரி உண்டு, கண்ணுக்குத் தெரியாதது: காற்றுக் குமிழி. பிளாஸ்டிக்கும் காற்றும் அடுத்தடுத்து இருக்கும்போது மின்புலம் இரண்டிலும் ஒரே அளவில் நிற்காது. காற்றில்தான் கூடுதலாகக் குவியும், பொதுவாக இரண்டு மூன்று மடங்கு. காற்றோ பிளாஸ்டிக்கைவிடப் பலவீனமானது, சீரான புலத்தில் மில்லிமீற்றருக்குச் சுமார் 3,000 வோல்ற்தான் தாங்கும். ஆகவே தாளுக்கும் கம்பிக்கும் நடுவில் சிக்கிய சின்னக் குமிழிக்குள் முதலில் தீப்பொறி பறக்கும். ட்ரான்ஸ்போமர் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் 40 கிலோஹேர்ட்ஸில் அந்தக் குமிழி நொடிக்கு 80,000 தடவை அடிவாங்கும். 50 ஹேர்ட்ஸில் பல மாதம் தாங்கும் காப்பு இங்கே சில நிமிடங்களில் அரிபட்டுப் போகும்.

கடையில் செத்த ஃப்ளைபேக் ஒன்றை அறுத்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளியே ஒரு கீறல் கூட இல்லை. எபொக்சியை வாளால் மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டு போனபோது, நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. அதிலிருந்து வேர் மாதிரிக் கரிய கோடுகள், கிளை பிரிந்து, தலைமுடியை விட மெல்லியதாக, அடுத்த சுருளின் கம்பி வரை போயிருந்தன. தொழிற்சாலையில் வெற்றிடத்தில் எபொக்சி ஊற்றிச் செய்த பொருளிலேயே ஒரு குமிழி தப்பி நின்றால் இப்படி. நாங்கள் கையால் சுற்றியது எம்மாத்திரம்.

ஊர் விஷயத்துக்கு வருகிறேன். வாடைக் காற்றோடு மாரி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் கடையில் ரீவி வரிசை கட்டி நிற்கும். பெரும்பாலும் கடற்கரையோரத்து வீடுகளில் இருந்து. குறை ஒன்றுதான்: போட்டவுடன் ‘உஸ்’ என்ற சத்தம், ஒரு புளித்த மணம். அறையை இருட்டாக்கிப் பின்பக்கம் பார்த்தால், பிக்சர் ரியூபில் பதியும் ரப்பர் மூடியைச் சுற்றி நீல ஒளி ஊர்ந்துகொண்டிருக்கும். துடைத்த துணியை நாக்கில் வைக்காமலே சொல்லலாம், அது உப்பு. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். எங்கள் கரையில் மாரி காலத்து இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். அதுவரை பேசாமல் கிடந்த உப்புப் படலம் அன்றிரவு மின்கடத்தி ஆகிவிடும். மின்கம்பத்தில் 33,000 வோல்ற் லைனைத் தாங்கும் பீங்கானுக்கு அத்தனை மடிப்பு வைத்திருப்பதும் இந்தப் படலத்தின் வழியை நீளமாக்கத்தான். உங்கள் சுருளுக்கும் அதே தந்திரம் வேண்டும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். 20 மில்லிலீற்றர் ஊசிக் குழாய் ஒன்று மருந்துக்கடையில் வாங்குங்கள். அது பொலிபுரொப்பிலீன், உயர் மீடிறனுக்கு மிக நல்ல காப்பு. அடியை அறுத்துவிட்டால் கோரின் காலில் தாராளமாக இறங்கும். ஐஸ்கிறீம் டப்பா மூடியில் வட்டங்கள் வெட்டி, நடுவே குழாயின் விட்டத்தைவிட ஒரு துளி சிறிய ஓட்டை போட்டு, இறுக்கமாக ஏற்றுங்கள். பொலிபுரொப்பிலீனில் பசை பிடிக்காது, இறுக்கம்தான் பிடி. பதினொரு வட்டம் ஏற்றினால் பத்து அறை. அறைக்கு 200 சுற்று. இப்போது ஒரு அறைக்குள் மொத்தமே 750 வோல்ற். உள்ளே கம்பி எப்படி விழுந்தாலும் அதைத் தாண்டி வித்தியாசம் வராது. ஒரே உருண்டையாகச் சுற்றியபோது 7,500 முழுவதும் எங்கே வேண்டுமானாலும் சந்திக்கலாம் என்று இருந்தது. அடுத்த அறைக்குப் போகும் கம்பி வட்டத்தின் ஓரத்தில் ஒரு வெட்டு வழியாக, அடிப்பாகத்தில் இறங்க வேண்டும். இறங்கும் அந்தத் துண்டு மேலே ஏறிய 200 சுற்றையும் உரசிக்கொண்டு போகும் என்பதால் அதற்கு மட்டும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாடா வையுங்கள். கம்பி புதிதாக இருக்கட்டும். இன்சுலேஷன் ரேப் (ஒட்டுநாடா) வேண்டாம், பி.வி.சி. உயர் மீடிறனில் சூடாகும், அதன் பசை இளகி உள்ளே குமிழி விடும்.

முதற்சுருளை இதே காலில் சுற்றாமல் மற்றக் காலில் சுற்றுங்கள். இணைப்பு கொஞ்சம் தளர்வாகும், இந்தச் சேர்க்கிற் அதைப் பொறுத்துக்கொள்ளும். 7,500 வோல்ற்றுக்கும் உங்கள் பற்றரிக்கும் நடுவே கிடைக்கும் தூரம் அதைவிடப் பெறுமதியானது. துணைச்சுருளின் தொடக்க முனையைப் பற்றரியின் கழித்தல் முனையோடும் நிலத்தோடும் இணையுங்கள். கடைசி அறைக்கும் கோரின் வளைவுக்கும் நடுவே ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். ஃபெரைட்டும் கொஞ்சம் மின் கடத்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோரின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் முன்பிருந்த தாள் இடைவெளியை அப்படியே வையுங்கள்.

அப்புறம் ஈரம். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் இந்த வேலையைச் செய்தால் பாதிக் கவலை இல்லை, அந்தக் காற்றே காயவைத்துவிடும். இப்போது மாரி என்றால் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் பழைய வகை 40 வாட் குண்டு பல்ப் ஒன்றை எரியவிட்டு, சுருளை அதற்குப் பக்கத்தில், தொடாமல், ஓர் இரவு வையுங்கள். மூடியில் ஆவி போக ஓட்டை இருக்கட்டும். காலையில் சூடு ஆறுவதற்கு முன்பே எண்ணெயில் இறக்குங்கள். மருந்துக்கடையில் விற்கும் லிக்விட் பரஃபின் போதும். எண்ணெயையும் இளஞ்சூடாக்கினால் குமிழி மேலே வரும். அது நிற்கும் வரை தட்டித் தட்டிப் பொறுமையாகக் காத்திருங்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா என்று கேட்பீர்கள். சுத்திகரித்த தேங்காய் எண்ணெயை ட்ரான்ஸ்போமருக்குப் பயன்படுத்துவது பற்றி இலங்கையில் ஆய்வே நடந்திருக்கிறது. ஆனால் சமையலறைப் போத்தலில் இருப்பதில் நீரும் அமிலமும் உண்டு, அது வேண்டாம். பழைய மின்சார ட்ரான்ஸ்போமரில் வடித்த எண்ணெய் யாராவது தந்தால் தொடவே தொடாதீர்கள், பழையவற்றில் பி.சி.பி. என்ற நச்சு இருக்கலாம்.

சேர்க்கிற்றோடு இணைக்க முன் ஒரு சின்னச் சோதனை. துணைச்சுருளின் இரு முனைக்கும் ஒரு நியோன் பல்பை அதன் ரெசிஸ்டரோடு இணையுங்கள். முதற்சுருளின் முனைகளை 1.5 வோல்ற் டோர்ச் பற்றரியில் தொட்டு உடனே எடுங்கள். எடுக்கும் கணத்தில் நியோன் மின்னினால் சுருள் நலம். மின்னாவிட்டால் உள்ளே எங்கோ சுற்றுகள் ஒட்டியிருக்கின்றன, அல்லது கம்பி அறுந்திருக்கிறது. இப்போது உங்களிடம் இருக்கும் பழைய சுருளை இப்படிச் சோதித்துப் பாருங்கள், அது மின்னாது என்றே நினைக்கிறேன். இந்தச் சோதனையிலேயே சில நூறு வோல்ற் வரும், துணைச்சுருளைக் கையால் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள்.

எத்தனை வோல்ற் வருகிறது என்று மல்ரிமீற்றரை வைத்துப் பார்க்க நினைக்க வேண்டாம். அதன் எல்லை 1,000 வோல்ற், அதுவும் இவ்வளவு மீடிறனுக்கு இல்லை. இரண்டு ஊசிமுனைகளை எதிரெதிரே வைத்து, நிறுத்திவிட்டு நகர்த்தி, மறுபடி போட்டு, தீப்பொறி தொடங்கும் தூரத்தைப் பாருங்கள். கூர்முனைக்கு மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 1,000 வோல்ற் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் உங்கள் 5 மில்லிமீற்றர் சுமார் 5,000 வோல்ற், கணக்கில் வந்த 7,500 ஐவிடக் குறைவு. தீப்பொறி பற்றிய பிறகு இழுத்தால் நீளும். அந்த நீளத்தை வைத்து வோல்ற்றைக் கணக்கிடக் கூடாது.

ஆபத்தைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பற்றரியில் ஓடும் இந்தச் சுற்றை அது பார்ப்பதே இல்லை. 40 கிலோஹேர்ட்ஸ் மின் 50 ஹேர்ட்ஸ் மாதிரி அதிராது என்பதால் தைரியம் வரும், ஆனால் தோலை ஆழமாகச் சுடும், காயம் ஆற நாள் எடுக்கும். ஒரு கை எப்போதும் பின்னால் இருக்கட்டும். தனியே செய்ய வேண்டாம். சுவிட்ச் பக்கத்தில் அப்பாவோ ஆசிரியரோ நிற்கட்டும். கண்காட்சியில் அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து, கை வைத்திருக்கும் வரை மட்டும் ஓடும் சுவிட்ச் போடுங்கள். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்ட வரக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். தீப்பொறி ஓசோன் விடும், யன்னலைத் திறந்து வையுங்கள். வெற்றிடக் குழாய் எதையும் இதில் இணைக்காதீர்கள். அம்மம்மா வீட்டு பிக்சர் ரியூப் இன்னும் அங்கே கிடந்தால், அதன் மேல்துளையில் விரல் வைக்க வேண்டாம், கழற்றிய பிறகும் அது மின்னைப் பிடித்து வைத்திருக்கும். மைக்ரோவேவ் ட்ரான்ஸ்போமரைக் கொண்டு இதைவிடப் பெரிதாகச் செய்யலாம் என்று யாராவது சொன்னால், கேட்காதீர்கள். சுமார் 2,000 வோல்ற்தான், ஆனால் தொட்ட கணமே உயிரை எடுக்கப் போதுமான மின்னோட்டம் அதில் இருக்கிறது.

எல்லாம் முடிந்து முதன்முறை போடும்போது இரவில் போடுங்கள். எல்லோரும் எட்டி நின்ற பிறகு அறை விளக்கை அணைத்து, ஐந்து நொடி மட்டும் ஓடவிடுங்கள். ஊசிமுனையில் ஊதா ஒளி தெரிவது சரி. சுருளின் பக்கத்திலோ, வட்டத்தின் ஓரத்திலோ, கம்பி எண்ணெயை விட்டு வெளியே வரும் இடத்திலோ தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பற்றரியைக் கழற்றி, வெளி முனையை நிலத்தோடு தொட்டெடுத்துவிட்டு, அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து மறுபடி எண்ணெயில் மூழ்கடியுங்கள். ஊதா ஒளி ஊசிமுனையில் மட்டும் நிற்கும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் அந்த மூன்றாவது மொஸ்பெற்றை நம்பி ஒரு நிமிடம் ஓடவிடலாம்.